கல்லுக்கு எடுத்த அளவு

பெட்டிகள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பட்டறைக்குள் நுழையும்போதே ஏஞ்சல் அதைக் கண்டுகொண்டாள். ஆனாலும் தன் மோட்டார் சைக்கிளை ஒருமுறை முழுவதும் சுற்றி வந்த பிறகே வாய் திறந்தாள். ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பது அவள் வேலை. குறை என்று ஒன்றைச் சொல்லுமுன் அதை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த வேலை கற்பித்த ஒழுக்கம். பார்த்த பிறகு சொல்லாமல் விடக்கூடாது என்பதையும் அதுவே கற்பித்திருந்தது.

"இன்னா செல்வம், பொட்டி ரெண்டும் பின்சீட்டு மேல ஏறி ஒக்காந்துகினு கீது? காத்து வாங்குதா?"

செல்வம் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். உத்திரமேரூரில், செங்கல்பட்டுச் சாலையோரம், தகரக் கூரை போட்ட அவன் பட்டறையில் இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, டிராக்டர் கலப்பை என்று எதையும் பற்றவைப்பார்கள். என்றாலும் சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒன்றே ஒன்று: பால்காரர்களின் மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் தொங்கவிடுவதற்கான இரும்புச் சட்டம்.

"காத்தும் வாங்கல, ஒண்ணும் வாங்கல யக்கா. அளவெடுத்துத்தான் வெச்சிருக்கேன்."

"எந்த அளவு?"

அவன் சுவரைக் காட்டினான். ஆணியில் ஒரு மரக்குச்சி தொங்கியது. அவள் இடுப்புயரம் இருக்கும். அதன்மேல் பச்சைப் பெயிண்டில் அவளுடைய ஊரின் பெயர்: வெள்ளேரிப்பட்டு.

"உங்க ஊர்ல ரெண்டு கல்லு நட்டு வெச்சிகீறாங்களே, அதுக்கு நடுவுல கீற சந்து இது. உங்க ஊர் பால்காரங்க எல்லாருக்கும் இந்தக் குச்சிய வெச்சித்தான் சட்டம் அடிக்கிறேன். குச்சிக்குள்ள அடங்குச்சா, வண்டி உள்ள போவும். உனக்கு மட்டும் வேற குச்சியா?"

ஏஞ்சல் குச்சியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு நன்கு பழக்கமான கருவிதான். தொழிற்சாலையில் அதை எஃகில் செய்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். அதில் நுழைந்தால் நல்ல பாகம், நுழையாவிட்டால் கழிவு. எதற்காகச் செய்யப்பட்டாய் என்று பாகத்தை யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டு கற்களும் இத்தனை நாளாகத் தன் ஊரில் செய்துவந்த வேலை இதுதான் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதில் மகிழ்ச்சி ஏதும் இல்லை.

வண்டி நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்டது. சென்னையில் ஒருவரிடம் பழையதாக வாங்கினாள். அலுமினியப் பெட்டிகளும் பழையவை. அவற்றை வண்டியோடு பிணைக்கும் சட்டம் மட்டும் கூட வரவில்லை. அதைத்தான் செல்வத்திடம் செய்யச் சொல்லி விட்டுவிட்டுப் போயிருந்தாள். விடிந்தால் புறப்பாடு. இமயமலையில் ஸ்பிட்டி என்றொரு பள்ளத்தாக்கு வரை தனியாகப் போய்த் திரும்ப விடுப்பு வாங்கியாயிற்று. அவள் மேலாளர் அதைப் புனிதப் பயணம் என்று நினைத்துக் கையெழுத்திட்டிருந்தார். அவள் திருத்தவில்லை.

"செல்வம், மலையில வளைவுக்கு வளைவு சாஞ்சி எயுந்திரிக்கணும் இந்த வண்டி. எடை கீய இருந்தாத்தான் நிக்கும். நீ தூக்கித் தலமேல வெச்சா, மொத வளைவுலயே என்னைப் படுக்கப் போட்டுடும்."

"நான் இன்னா பண்றது? வலது பக்கம் சைலன்சர் துருத்திக்கினு கீது. பொட்டியக் கீய எறக்கினா வெளிய தள்ளணும். வெளிய தள்ளினா கல்லுல மாட்டும்."

"மாட்டட்டும்."

"யக்கா..."

"வண்டி மலைக்குப் போவுது. மலைக்கு அளவெடு."

செல்வம் தன் கடைசி வாதத்தைக் கையிலெடுத்தான். இடப்பக்கப் பெட்டியின் பூட்டில் சாவியைத் திருப்பிக் கைப்பிடியைத் தூக்கினான். பெட்டி சட்டத்தின் கொக்கிகளை விட்டு ஓசையில்லாமல் கையோடு வந்தது. அந்தப் பூட்டு அமைப்பை அவன் இரண்டு இரவு யோசித்துச் செய்திருந்தான். அதில் அவனுக்கிருந்த பெருமை நியாயமானதே.

"பாரு. ஒரு திருப்பு, ஒரு தூக்கு. கயட்டுற பொட்டி யக்கா இது! சரி, நீ சொல்ற மாரியே கீய எறக்கி, அகலமா வெச்சித் தரேன். கல்லாண்ட வந்தியா, எறங்கு. கயட்டு. வண்டியத் தள்ளு. திரும்ப மாட்டு. யாருகூடயும் பேஜார் இல்ல."

"கயட்டுறது, போற ஊர்ல ரூமுக்குள்ள எடுத்துக்கினு போறதுக்கு. என் வூட்டுக்குள்ள போறதுக்கு இல்ல."

"கயட்டுறதுல இன்னா வித்தியாசம்?"

"அந்த எடத்துல எங்க தாத்தா செருப்பக் கயட்டிக் கையில எடுத்துக்கினாரு. எங்கப்பா சைக்கிள உட்டு எறங்கித் தள்ளிக்கினு போனாரு. இப்ப என் முறைக்கு நான் பொட்டியக் கயட்டணும். அதானே சொல்ற?"

செல்வம் பெட்டியைத் தரையில் வைத்தான். அறுக்கும் எந்திரத்தை எடுத்து மின்செருகியைச் சொருகினான்.

பற்றவைத்த இடங்கள் பொறி சிதற அறுந்து விழுந்தன. சட்டம் இரண்டையும் கீழே இறக்கிப் பின்கால்மிதியை முடுக்கியிருந்த போல்ட்டோடு பிணைத்தான். வலப்பக்கம் சைலன்சருக்கு வழிவிட்டு வெளியே தள்ள வேண்டியிருந்தது. இடப்பக்கமாவது வண்டியோடு ஒட்டியிருக்கட்டும், கொஞ்சம் குறையுமே என்று கெஞ்சிப் பார்த்தான்.

"ஒரு பக்கம் வெளிய, ஒரு பக்கம் உள்ளன்னா வண்டி நொண்டும்" என்றாள் ஏஞ்சல். "ரெண்டும் ஒரே அளவு."

நம்பர் பலகைக்குப் பின்னால் ஒரு குறுக்குக் குழாய் வைத்து இரண்டு சட்டங்களையும் ஒன்றாக்கினான். இரும்பு இரும்பைத் தொடும் இடமெல்லாம் ரப்பர் வளையம் வைத்தான். அதிர்வில் மரைகள் கழன்றுவிடாதபடி நைலான் வைத்த நட்டுகளைப் போட்டு முடுக்கினான். பிறகு பெட்டிகளை மாட்டி, உள்ளே மணல் மூட்டைகளை வைத்து, வண்டியைப் பிடித்து உலுக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டான். ஓசை எதுவும் வரவில்லை. ஏஞ்சல் சைலன்சருக்கும் பெட்டிக்கும் இடையே கையை விட்டுப் பார்த்தாள். தாராளமாக நுழைந்தது.

"இப்ப சரி" என்றாள். அவள் தொழிற்சாலையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

"உங்க ஊர்ல கேட்டாங்கன்னா நான் வாணாம்னு சொன்னேன்னு சொல்லு யக்கா. நான் இங்க கடை வெச்சிக்கினு கீறேன்."

"சொல்றேன். அந்தக் குச்சியக் குடு."

"குச்சியா? நாளைக்கு ஒரு பால்காரன் வந்தான்னா நான் எத்த வெச்சி அளக்கறது?"

"அளக்கத் தேவப்படாது" என்று சொல்லி, குச்சியைப் பெட்டியின் மூடிமேல் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டினாள்.

வெள்ளேரிப்பட்டில் ஏஞ்சலின் வீடு இருக்கும் காலனிக்கு வழி ஒன்றுதான். சாலவாக்கம் சாலையில் பேருந்து நிற்கும் இடத்தில் பிரிந்து, ஊர்த்தெருவின் நடுவே வந்து, கோயில் மதிலுக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் இடையே ஒடுங்கி, காலனிக்குள் புகுந்து, அதற்கும் பின்னால் கழனிகளில் போய் முடியும். ஏஞ்சலின் அண்ணன் டேனியலின் திருமணத்தன்று பெண்ணழைத்து வந்த கார், மேளத்தோடு, மெதுவாக, அந்த வழியே வந்தது. மெதுவாக வந்ததுதான் குற்றம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதமே, தெரு ஒடுங்கும் இடத்தில், இரண்டு கருங்கல் கால்கள் எழுந்தன. கனமான வண்டி போனால் அடியில் ஓடும் குடிநீர்க் குழாய் உடைந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் குழாய் கோயிலோடு நின்றுவிடுகிறது. காலனிப் பக்கம் அது வந்ததே இல்லை.

நடச் சொன்னவர் பக்தவச்சலம். ஊராட்சியில் முன்பு துணைத் தலைவராக இருந்தவர். இப்போது கோயில் கமிட்டியில் இருக்கிறார். அவருடைய மாட்டுக் கொட்டகை காலனிக்குப் பின்னால் கழனியில் இருந்ததால் பால் மட்டும் தடையின்றி வெளியே வர வேண்டியிருந்தது. ஆகவே பால்காரன் முத்துவேலின் மோட்டார் சைக்கிளை இரண்டு கேன்களோடு நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் ஒரு விரல் விட்டு, கல்லுக்குக் குறி போட்டார்கள்.

குழி தோண்டியவர் சாம்சன். ஏஞ்சலின் அப்பா.

அவர் கழனிகளில் கூலி வேலை செய்பவர். கூப்பிட்டார்கள், போனார், தோண்டினார். ஏஞ்சல் அதைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது மன்னித்ததாகாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. சென்ற மழைக்காலத்தில் அவள் அம்மா அம்முலு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது ஆம்புலன்ஸ் கற்களுக்கு வெளியே நின்றது. நான்கு பேர் அம்முலுவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, மழையில், அது நின்ற இடம் வரை தூக்கிச் சென்றார்கள். நாற்காலியின் ஒரு காலைச் சாம்சன் பிடித்திருந்தார். அம்முலு பிழைத்து வந்து, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். "எனக்கும் ஒரு சாமி ஊர்கோலம் நடந்துதும்மா" என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். மகளுக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் ஏஞ்சல் கற்களுக்கு முன் வந்து நின்றாள். பக்தவச்சலம் கோயில் மதில் நிழலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு, சாம்சன் பொண்ணா? வண்டி யானை மாரி கீதே! எங்க கண்ணு பயணம்?"

"வடக்க, மலைக்கு சார்."

'சார்' அவருக்கு உவப்பாயில்லை. அவள் அப்பா அவரை நைனா என்று அழைப்பார். அப்பாவின் அப்பாவும் வேறொரு நைனாவை அப்படித்தான் அழைத்தார். சார் என்றால் பேருந்து நடத்துநரும் சார்தான்.

"நல்லா போய்ட்டு வா. பொட்டிய மட்டும் கயட்டிக்கினா சுளுவா உள்ள பூந்துடும்."

"கயட்ட மாட்டேன் சார்."

"கயட்டுற பொட்டிதானே? அதான் பூட்டு கீதே."

"கீது சார். கயட்ட மாட்டேன்."

முதல் கியரில், நடையின் வேகத்தில், அவள் வண்டியை நடுவில் செலுத்தினாள். முன்சக்கரம் நுழைந்தது. கைப்பிடி நுழைந்தது. பெட்டிகளின் முன்விளிம்புகள் கற்களைத் தொட்டன. வலதும் இடதும் ஒரே நொடியில், ஒரே ஓசையில் தொட்டன. செல்வம் அளவில் பிசகியிருக்கவில்லை. அவள் இயந்திரத்தை நிறுத்தி இறங்கி, நடு ஸ்டாண்டைப் போட்டு, கைப்பிடியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். இப்போது கோயில் மதிலுக்கும் கால்வாய்க்கும் இடையே நடந்துபோகிற ஒருவர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகலாம். சக்கரம் வைத்த எதுவும் போக முடியாது.

பக்தவச்சலம் செய்தித்தாளை மடித்தார். "வயில வண்டிய நிறுத்தினா எப்டிம்மா?"

"கல்ல நிறுத்தினா எப்டியோ, அப்டித்தான் சார்."

"பொம்பளப் புள்ளன்னு பாக்கறேன்."

"பாருங்க சார். நான் இங்கதான் நிக்கறேன்."

அவர் பார்ப்பதற்குள் உள்ளிருந்து ஹாரன் சத்தம் வந்தது. முத்துவேல், மாலைப் பால் நிறைந்த இரண்டு கேன்களோடு, கழனிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தான். எதிரில் நிற்கும் வண்டியைக் கண்டு காலை ஊன்றினான்.

"யக்கோவ்! இன்னாது இது, தேரு நெலைக்கு வந்த மாரி நடுவுல நிறுத்திகினு? எடு எடு, பால் வேன் வந்து ரோட்டுல நிக்கிது!"

"கல்ல எடுத்தா எடுக்கறேன் முத்து."

"கல்லயா?" அவன் பக்தவச்சலத்தைப் பார்த்தான். அவன் ஊர்த்தெருக்காரன், அவருக்கு உறவும் கூட. "மாமா, கேன்ல பாதிக்கு மேல உங்க மாட்டுப் பாலு. வேனு போயிடுச்சுன்னா ராத்திரி முச்சூடும் ஒறைக்கு ஊத்திக்கினு ஒக்காந்திருக்கணும்."

"கேனத் தூக்கி இந்தாண்ட வெய்யிடா. வேற வண்டியில ஏத்திக்கலாம்."

"ஒண்டியா எப்டித் தூக்கறது? பிணம் கனம் கனக்குது. நீங்க ஒரு கை புடிங்க."

பக்தவச்சலம் தம் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். அந்நேரத்தில் ஊர்த்தெரு இளைஞர்கள் கம்பெனிப் பேருந்துகளில் இருந்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் அவர் வயதுக்காரர்கள். கை பிடிக்க ஆள் என்றால் அது எப்போதும் கல்லுக்கு உள்ளேயிருந்து வருவதுதான் வழக்கம். உள்ளே ஆள் இருந்தது. சத்தம் கேட்டு வந்தவர்கள் முத்துவேலின் வண்டிக்குப் பின்னால் கூடி நின்றார்கள். யாரும் கையை நீட்டவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடைச்சட்டத்தின் 'டக் டக்' ஓசை முன்னால் வந்தது.

"புடிங்க நைனா, சும்மா புடிங்க" என்றாள் அம்முலு. "உங்க பாலுதானே? அன்னிக்கு இந்தக் கல்லாண்ட என்னையே தூக்கினாங்க. நான் அந்தக் கேன விடவா லேசு?"

கூட்டம் சிரித்தது. முத்துவேலும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்முலு, வாய அடக்கு."

"இடுப்புதான் ஒடைஞ்சுது நைனா. வாயி நல்லாத்தான் கீது."

சாம்சன் அப்போதுதான் வந்தார். கால்களில் கழனிச் சேறு முழங்கால் வரை காய்ந்திருந்தது. வண்டியைப் பார்த்தார். பெட்டிகள் கற்களை முட்டி நிற்பதைக் குனிந்து பார்த்தார். மூடிமேல் கட்டியிருந்த குச்சியையும், அதில் எழுதியிருந்த ஊர்ப்பெயரையும் பார்த்தார். கடைசியாக மகளைப் பார்த்தார்.

"வாடா சாம்சா" என்றார் பக்தவச்சலம், நிம்மதியோடு. "உன் பொண்ணு பண்ணி வெச்சிருக்கிற வேலயப் பாரு. நீ சொல்லு, கேப்பா."

சாம்சன் மகளிடம் கேட்டார்: "சாவி எங்க?"

"என்னாண்ட கீது."

"தரப்போறியா?"

"இல்ல."

"சரி, வெச்சிக்கோ."

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். பக்தவச்சலத்துக்கு முன் அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொள்வதே வழக்கம். பிறகு கால்வாய்ப் பக்கமிருந்த கல்லை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்து ஒருமுறை ஆட்டினார்.

கல் அசைந்தது. கூட்டம் முழுவதும் அதைப் பார்த்தது. விழப்போகும் பால்பல்லைப் போல அடியோடு அசைந்தது.

"டேய்..." என்று எழுந்தார் பக்தவச்சலம்.

"நைனா, நீங்க இடுப்பு ஆயம் தோண்டி ஜல்லி போடச் சொன்னீங்க" என்றார் சாம்சன். குரலில் மரியாதை குறையவில்லை. "நான் மொயங்கால் ஆயந்தான் தோண்டினேன். ஜல்லி போடல. ஏரி மண்ணப் போட்டு மிதிச்சி வெச்சேன். நீங்க நெயல்ல ஒக்காந்துகினு இருந்தீங்க, பாக்கல."

"ஏன்டா அப்டிப் பண்ணின?"

"என்னிக்காவது எடுக்க வேண்டி வரும்னுதான்."

ஏஞ்சலுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி அன்று. அவள் தன் வேலைப் பழக்கப்படி அந்தச் சொல்லை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்தாள். ஒரு பக்கம் சரியாக இல்லை. கேட்கக் கூடாத இடம் அது, இத்தனை பேர் நடுவில். ஆனாலும் பார்த்த பிறகு விட முடியவில்லை.

"அப்ப அம்மாவ நாற்காலியில தூக்கினு வந்தமே நைனா" என்றாள் அப்பாவிடம். அவள் நைனா என்று அழைப்பது அவர் ஒருவரைத்தான். "அன்னிக்கு ஏன் எடுக்கல?"

சாம்சன் கல்லைப் பிடித்தபடியே நின்றார். 

"அன்னிக்குப் பயமா இருந்துச்சு" என்றார். "ஒரு காலப் புடிச்சிக்கினு இதும் பக்கத்துலதான் வந்தேன். ஒரு ஒதை விட்டிருந்தா சாஞ்சிருக்கும். வுடல."

 முத்துவேலின் வண்டி இன்னும் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அவன் அதை அணைத்தான்.

"இன்னிக்கு?" என்றாள் ஏஞ்சல்.

"இன்னிக்கும் பயந்தான் கீது. நீ அந்தப் பக்கம் புடி."

அவள் புடைத்த நரம்புகளோடு இருந்த அந்தக் கைகளுக்குக் கீழே தன் கைகளைக் கோத்துக் கல்லைப் பிடித்தாள். இருவரும் முன்னும் பின்னும் ஆட்டினார்கள். ஏரி மண் பிளந்தது. கல் பாதி எழுந்து, சிக்கி நின்றது. அப்போது மூன்றாவதாக ஒரு சோடிக் கை வந்து சேர்ந்தது.

"முத்து! நீ எந்தப் பக்கம்டா?" என்றார் பக்தவச்சலம்.

"பால் பக்கம் மாமா" என்றான் முத்துவேல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "இந்தக் கல்லு எத்தினி தபா என் கேன நசுக்கிருக்குது தெரியுமா? ஒருநாளாவது ஏன்னு கேட்டீங்களா?"

கல் வெளியே வந்தது. கால்வாயோரம் அதைக் கிடத்தினார்கள். நின்றபோது இருந்த உயரம் கிடந்தபோது இல்லை. மண்ணுக்குள் இருந்த பகுதி உண்மையிலேயே முழங்கால் அளவுதான்.

"வேதத்துல தூணச் சாச்சவன் பேர வெச்சதுக்கு இன்னிக்குத்தான்யா வேல செஞ்சிருக்க" என்றாள் அம்முலு கணவனிடம்.

பக்தவச்சலம் குழியருகில் வந்து நின்று அதன் ஆழத்தைப் பார்த்தார். ஏமாற்றப்பட்டதைவிட, ஏமாந்திருந்த காலமே அவரை உறுத்தியிருக்க வேண்டும். இத்தனை நாள் அந்தக் கல்லில் கைவைத்துச் சாய்ந்து நின்றவர் அவர்.

"நாளைக்கே திரும்ப நடுவோம்" என்றார். "இடுப்பு ஆயத்துல."

"நடுங்க நைனா" என்றாள் அம்முலு. "யாரு தோண்டறது?"

அவர் காலனிக்காரர்களின் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்குக் குழி தோண்டிப் பழகிய கைகள் எல்லாம் அங்கேயே இருந்தன. அவர் பார்வை ஒரு முகத்திலும் தங்கவில்லை. கடைசியில் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு, நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் நடந்தார்.

"யக்கா, வண்டிய நகத்து, நான் மொதல்ல போயிடறேன்" என்றான் முத்துவேல்.

"மொதல்ல நான் வரேன் முத்து. அப்பறம் நீ போ."

அவள் ஏறி அமர்ந்து, நடு ஸ்டாண்டை விடுவித்து, வண்டியைச் சற்றுப் பின்னால் உருட்டிவிட்டு இயக்கினாள். வலப்பெட்டி, இன்னும் நிற்கும் கல்லைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. இடப்பெட்டியின் முன்விளிம்பில் கல் உரசிய இடத்தில் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் பெயிண்ட் அடிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. அவளுக்குப் பின்னால் முத்துவேல், வளைத்து நெளித்து ஓட்டிப் பழகிய இடத்தில், பழக்கத்தை மறந்து நேராகப் போனான்.

விடியற்காலையில் அம்முலு வாசலில் மூன்று கல் வைத்து வெந்நீரும் டீயும் போட்டாள். பெட்டிகளில் துணிமணி, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், மழைக்கோட்டு, அவள் வறுத்துக் கட்டிக் கொடுத்த வேர்க்கடலை எல்லாம் ஏறியிருந்தன. எடை கீழே நின்றது. சாம்சன் வண்டியை உலுக்கிப் பார்த்து, ஓசை வரவில்லை என்று தலையசைத்தார்.    ஒரு டம்ளர் டீயை அவரும் ஏஞ்சலும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

"அடுப்பு அணையப் போவுதுடி" என்றாள் அம்முலு. "சுள்ளி எதுனா கீதா பாரு."

ஏஞ்சல் பெட்டிமேல் கட்டியிருந்த குச்சியை அவிழ்த்து, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து நீட்டினாள். பச்சை எழுத்துகள் முதலில் கொப்பளித்தன. பிறகு நன்றாகவே எரிந்தது. காய்ந்த மரம்.

தெரு ஒடுங்கும் இடத்தில் பக்தவச்சலம் நின்றுகொண்டிருந்தார். கல் கிடத்திய இடத்திலேயே கிடந்தது. குழியில் இரவோடு இரவாக யாரோ மண் தள்ளி மூடி, மிதித்துச் சமப்படுத்தியிருந்தார்கள். அது யார் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வரும்போது அவள் கை தானாக பிரேக்கைத் தொட்டது. இத்தனை நாள் பழக்கம். அவள் கையை எடுத்தாள்.

"திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்" என்றார் அவர்.

"திரும்பி வரும்போதும் கயட்ட மாட்டேன் சார்" என்றாள் ஏஞ்சல். வண்டியின் வேகம் குறையவில்லை.